மார்பைத் தட்டிப் பார்த்த மருத்துவர்

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் அவர்களே, அரங்கு நிறைய உட்கார்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களே, வணக்கம்.

ஜான் நிக்கோலா கொர்விசார் என்ற பிரெஞ்சு மருத்துவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நெப்போலியனின் மருத்துவர் என்றுதான் அவரைப் பெரும்பாலும் அறிமுகப்படுத்துவார்கள். அது உண்மைதான். 1804-ல் பேரரசரின் தலைமை மருத்துவரானார். மருத்துவத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, கொர்விசாரிடம்தான் நம்பிக்கை என்று நெப்போலியன் சொன்னதாக ஒரு பேச்சும் உண்டு. ஆனால் என் மதிப்பில் அந்த அரண்மனை உத்தியோகம் இரண்டாம்பட்சம். பாரிசில் ஏழைகள் படுத்திருந்த ஷாரிதே ஆஸ்பத்திரியின் வார்டில்தான் அவர் யார் என்று தெரியும்.

1755-ல் பிரான்சின் வடகிழக்கில், ஆர்டென் பகுதியிலுள்ள திரிகூர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா சட்டத் தொழிலில் இருந்தவர். மகனும் அதே வழியில் வரவேண்டும் என்று நினைத்தார். மகனோ மருத்துவ விரிவுரைகளில் போய் உட்கார்ந்தார். 1782-ல் பட்டம் வாங்கினார். சரி, பட்டம் வந்துவிட்டது, வேலை? நிதியமைச்சர் நெக்கரின் மனைவி நிறுவிய ஆஸ்பத்திரியில் ஓர் இடம் இருந்தது. அக்காலத்து டாக்டர்கள் பவுடர் பூசிய விக் வைத்துக்கொள்வார்கள். இவர் வைக்க மாட்டேன் என்றார், அதனால் இடம் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். பிறகு ஷாரிதேயில் சேர்ந்தார். புரட்சிக்குப் பிறகு புதிய மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அங்கேயே பேராசிரியரானார்.

அவர் பாடம் நடத்திய முறையைக் கேளுங்கள். நோயாளி உயிரோடு இருக்கும்போது கட்டிலருகே நின்று, இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். அந்த நோயாளி இறந்துவிட்டால் பிணப் பரிசோதனையில் உடலைத் திறந்து, சொன்னது சரியா என்று பார்க்க வேண்டும். இதை நாள் தவறாமல் செய்தார்கள். இன்று இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு எத்தனையோ டாக்டர்கள் நாடியைப் பிடித்து, நோயாளி சொன்னதைக் கேட்டு, மருந்தெழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூச்சுத் திணறி, கால் வீங்கி வந்தவரைப் பார்த்து, கோளாறு நுரையீரலிலா இதயத்திலா என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை.

வழியை முன்பே ஒருவர் கண்டுபிடித்திருந்தார். பெயர் லியோபோல்ட் ஔவன்புருகர், வியன்னாவில் மருத்துவர். கிராஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதைச் சிறுவயதில் பார்த்திருப்பார் என்பார்கள். நம் ஊரில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். மார்பைத் தட்டினால், காற்று நிறைந்த நுரையீரல் இருக்கும் இடம் முழங்கும், நீர் கட்டிய இடம் மந்தமாக ஒலிக்கும். 1761-ல் லத்தீனில் நூறு பக்கம்கூட இல்லாத ஒரு சிறு நூலாக இதை எழுதினார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

கொர்விசார் அதைப் படித்தார், தன் வார்டில் ஆண்டுக்கணக்கில் சோதித்தார். ஔவன்புருகர் விரல் நுனியால் தட்டினார். இவர் உள்ளங்கையை விரித்துத் தட்டவும் கற்றுக்கொடுத்தார். இதயம் பெருத்தால் மந்த ஒலி கேட்கும் பரப்பும் அகலும். அதைக் கொண்டு, பெருத்த இதயத்தை உயிருள்ள மனிதரின் மார்பின் மேலிருந்தே அறிய முடிந்தது. 1808-ல் ஔவன்புருகரின் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டார். மூலத்தைவிடப் பல மடங்கு நீளமாகத் தன் விளக்கங்களைச் சேர்த்தார். ஆனால் முன்னுரையில் ஒன்றைச் சொல்கிறார்: இதையே திருத்தி விரித்து என் நூலாக வெளியிட்டிருக்கலாம், அப்படிச் செய்தால் என் பெருமைக்காக ஔவன்புருகரின் பெயரைப் பலி கொடுத்தவனாவேன், அதை நான் விரும்பவில்லை என்று. பேரரசரின் மருத்துவர் அவர். பெயரை விட்டிருந்தால் கேட்க யார் இருந்தார்கள்? இந்த ஒரு செயலுக்காகவே அவரை நான் வணங்குகிறேன். மறு ஆண்டு ஔவன்புருகர் 86 வயதில் காலமானார்.

அதற்கு முன்பே, 1806-ல், இதய நோய்கள் பற்றிய கொர்விசாரின் பெருநூல் வந்துவிட்டது. அவருடைய பாடங்களிலிருந்து ஒரு மாணவர் தொகுத்தது. இதயத்தின் மேலுறை, தசை, வால்வுகள், பெருந்தமனி என்று நோயைத் தங்கும் இடம் பார்த்துப் பிரிக்கிறார். சுவர் தடித்துப் பெருத்த இதயம் வேறு, சுவர் மெலிந்து விரிந்த இதயம் வேறு என்கிறார். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியவரின் மார்பில் கையை வைத்தால் ஒரு தனி அதிர்வு உள்ளங்கைக்குத் தட்டுப்படும் என்று முதலில் தெளிவாக எழுதியவரும் அவர்தான். ஸ்டெதஸ்கோப் அப்போது இல்லை. வெறும் கைதான்.

அவர் சொன்னதெல்லாம் சரியல்ல. வால்வில் வளரும் திசுக்களுக்கு சிபிலிஸ் என்னும் மேகநோய்தான் காரணம் என்று கருதினார், அது தவறு. ஓர் ஓவியத்தைப் பார்த்து, இதில் இருப்பவர் இதய நோயால்தான் இறந்திருப்பார் என்று அவர் சொன்ன கதையையும் பலர் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. அது அவரை மந்திரவாதி ஆக்கிவிடுகிறது. அவர் மந்திரவாதி அல்ல. சொன்னதைப் பிணவறையில் போய்ச் சரிபார்த்த உழைப்பாளி.

அந்த வார்டில் படித்தவர்களில் ஒருவர் ரெனே லெய்னெக். கொர்விசாருக்கு இடம் தராத அதே நெக்கர் ஆஸ்பத்திரியில், 1816-ல், காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். உங்கள் கழுத்தில் தொங்கும் கருவி அங்கே பிறந்தது. கொர்விசார் அப்போது உடல் தளர்ந்து தொழிலை விட்டிருந்தார். 1821-ல், நெப்போலியன் இறந்து சில மாதங்களில், அவரும் மறைந்தார்.

முற்றிய இதய நோயைக் குணப்படுத்த முடியாது என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் துடித்ததும் அதனால்தான். அவர் உள்ளங்கையால் உணர்ந்த அந்த மைட்ரல் சுருக்கத்தை, 1925-ல் லண்டனில் ஹென்றி சவுட்டர் என்ற அறுவை மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் இதயத்துக்குள் விரலை விட்டு விரித்தார். அந்தப் பெண் பிழைத்தார்.