சிலம்பை உடைத்துக் காட்டிய வாதம்: விவாதக் கட்டுரை எழுதப் பழகுவோம்

[திரையில்: பாண்டியன் அவை. கையில் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி.]

வணக்கம். விவாதக் கட்டுரை என்றதும் பல மாணவர்கள் பட்டிமன்றப் பேச்சை எழுதிவிடுகிறார்கள். வரிக்கு வரி குரல் உயர்கிறது, காரணம்தான் வருவதில்லை. அதனால் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலிருந்து தொடங்குவோம்.

“தேரா மன்னா” என்று கண்ணகி கோபமாகத்தான் ஆரம்பிக்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். யோசித்துப் பாருங்கள், அதுவும் வலுவான வாதம்தான். கண்ணகி அந்த விதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. கோவலன் கள்வன்தானா என்ற ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்கிறாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். நீ சொன்னது நல்ல சொல், எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பு வருகிறது. அவள் உடைக்கிறாள்.

[திரையில்: அரசன் முகத்தருகே தெறிக்கும் மாணிக்கம்.]

“யானோ அரசன், யானே கள்வன்” என்று எதிராளியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

சிலம்பு இங்கே சான்று. ஆனால் மாணிக்கம் இருந்தால் அது கண்ணகியுடையது, முத்து இருந்தால் அரசியுடையது என்று இருவரும் முன்பே ஒத்துக்கொண்டதால்தான் அந்தச் சான்று பேசியது. நம் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இடம். சான்று இருக்கும், முடிவும் இருக்கும். நடுவில், “சரி, அதனால் என்ன?” என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இப்போது நம் நோட்டுக்கு வருவோம். தலைப்பு: பள்ளி நூலகம் சனிக்கிழமையும் திறந்திருக்க வேண்டுமா?

[திரையில், கையெழுத்தில்: “நூலகம் அறிவின் ஊற்று. வாசிப்பு மனிதனை உயர்த்தும்.”]

இதை யார் மறுப்பார்கள்? மறுப்பதற்கு ஆளே இல்லாத வரியில் விவாதம் எங்கே இருக்கிறது? அடித்துவிட்டு இப்படி எழுதுவோம்.

[திரையில்: “சனிக்கிழமை காலையிலாவது நூலகம் திறந்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் கடைசி மணி அடித்ததும் பேருந்துக்கு ஓடுகிறோம். மதிய இடைவேளை சாப்பிடவே சரியாக இருக்கிறது. எங்களுக்கு நேரமில்லாத நாட்களில் மட்டும் திறந்தால், புத்தகம் இருந்தும் எங்கள் கைக்கு வராது.”]

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். “அதனால் என்ன?” என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், எதிர்த்தரப்பு. 13ஆம் நூற்றாண்டு நன்னூல், நூலாசிரியர் கைக்கொள்ளும் எழுவகை மதத்தை, அதாவது ஏழு வகைக் கொள்கைகளைச் சொல்கிறது. அதில் மறுத்தல் தனி வகை. “பிறர்தம் மதமேற்கொண்டு களைவு” வேறு வகை. பிறர் கருத்தை முதலில் ஏற்று, பிறகு நீக்குவது. எனக்கு மிகவும் பிடித்த வகை இது, ஏனென்றால் எதிராளி சொன்னதை நாம் காதுகொடுத்துக் கேட்டோம் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நூலகருக்கும் வார விடுமுறை வேண்டாமா என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. “சோம்பேறிகள்தான் எதிர்ப்பார்கள்” என்று எழுதித் தப்பிக்காதீர்கள். ஆம், அவருக்கு ஓய்வு வேண்டும். அதற்குத் திங்கட்கிழமை காலை நூலகத்தை மூடலாமே! அந்த நேரத்தில் நாங்கள் எப்படியும் வகுப்பில்தான் இருக்கிறோம்.

இன்று எழுத உட்காரும்போது எதிர்த்தரப்பின் பத்தியை முதலில் எழுதிப் பாருங்கள். நூலகரே படித்துவிட்டு, “ஆமாம், நானும் இதைத்தான் சொல்வேன்” என்று தலையசைக்க வேண்டும். உங்கள் பதிலை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.