குறைந்த செலவில் ஒரு வைட் லென்ஸ்

வணக்கம் நேயர்களே. செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபுல் ஃபிரேம் (ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டு, லென்ஸுக்குக் காசு மிச்சமில்லாமல் நிற்கும் இளைஞர்களை நம் மும்பையில் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம்முடையது நெருக்கடியான ஊர். பொங்கலன்று தாராவி 90 அடி சாலையில் பானை வைத்திருப்பார்கள். பானையும் சுற்றி நிற்கும் குடும்பமும் ஒரே படத்தில் வர வேண்டும், பின்னால் நகரவோ இடமிருக்காது. அங்கே அகலமாகப் பார்க்கும் வைட் லென்ஸ்தான் கைகொடுக்கும். புதிய ஆட்டோஃபோகஸ் வைட் லென்ஸ் பலருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் 1970, 80களில் ஃபிலிம் கேமராக்களுக்காகச் செய்த 28 எம்.எம். எஃப் 2.8 லென்ஸ் கட்டுப்படியாகும். நிக்கான், கேனான் (எஃப்டி வகை), மினோல்டா, பென்டாக்ஸ் எல்லாமே இவற்றை ஏராளமாகச் செய்து தள்ளின. இன்றும் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம். எம்.எம். எண் 24, 20 என்று குறையக் குறைய பார்வை அகலமாகும், விலையும் ஏறும். என்னைக் கேட்டால் தெருவுக்கு 28 போதும், மூலைக்கு மூலை 75 டிகிரி பார்க்கும்.

மேனுவல் ஃபோகஸ் என்றதும் தயங்காதீர்கள். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸ் வளையத்தை 3.3 மீட்டர் அருகே நிறுத்துங்கள். சுமார் 1.7 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழும். அதற்கப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம், ஷட்டரை அழுத்தினால் போதும். பெரும்பாலான பழைய லென்ஸ்களில் இந்த எல்லையைக் காட்டும் கோடுகள் உடம்பிலேயே பொறித்திருக்கும். எனக்கு இவற்றின் மேல் உள்ள பிரியத்துக்கு அந்தக் கோடுகள் பெரிய காரணம்.

பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்ட ஒரு அடாப்டர் வேண்டும். ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி (மிரர்) மேலும் கீழும் போய்வர வேண்டும். அதனால் நிக்கானில் லென்ஸ் பொருந்தும் இடம் ஃபிலிமிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. சோனி மிரர்லெஸில் அந்தக் கண்ணாடி இல்லாததால் அது 18 மி.மீ.தான். அந்த இடைவெளியை நிரப்பும் வெறும் உலோக வளையம்தான் அடாப்டர். உள்ளே லென்ஸ் எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது. கேமராவின் மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற வசதியை மட்டும் ஆன் செய்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் ஷட்டர் அடிக்காது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா என்றால், இந்த 28 எம்.எம். ஏறக்குறைய 42 எம்.எம். போலத்தான் பார்க்கும். அது வைட் அல்ல. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸே இதைவிட அகலமாகப் பார்க்கும். வைடுக்காகப் பணம் போடுவதாக இருந்தால் வேண்டாம், கிட் லென்ஸையே 18-இல் வைத்து எடுங்கள்.

கோட்டையில் போரா பஜார் பக்கமோ சோர் பஜாரிலோ தேடப் போகிறவர்கள் ஒரு சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். நம் கடற்கரை ஈரத்தில் லென்ஸுக்குப் பெரிய எதிரி பூஞ்சைதான். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. புகை போல மங்கல் தெரிந்தால் ஹேஸ், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப்போகும். இரண்டில் எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வாங்கமாட்டேன். தூசு, முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் என்றால் பயப்பட வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கிறதா, வளையத்தைத் திருப்பினால் அவை சட்டென்று அசைகின்றனவா என்றும் பாருங்கள்.

எஃப் 2.8-இல் ஓரங்கள் கொஞ்சம் மென்மையாகத்தான் வரும், 5.6-க்கு வந்தால் சரியாகும். சூரியன் எதிரே இருந்தால் படம் வெளுக்கும் என்பதால் லென்ஸின் முன்னே வெளிச்சத்தை மறைக்கும் ஒரு ஹூட் போடுங்கள்.

வாங்கியதும் பழைய தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறும் ஜெல் என்றால் நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடுங்கள். ஜூன் பிறப்பதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். மழைக்காலத்திலும் லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுங்கள். நன்றி, வணக்கம்.