அம்மா கேட்ட துள்ளுகிற சீட்டு

வணக்கம் மக்களே. இன்றைக்கு எங்கேயும் போகவில்லை. தர்மபுரியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்காக ஒரு சீட்டு விளையாட்டைத் தேடி அலைந்தேன், அதைப் பற்றித்தான் இந்த வீடியோ.

என் அம்மா ரொம்ப வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். பென்னாகரம், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். 1999இல் கடன் வாங்கி இரண்டு கம்ப்யூட்டர் போட்டார். விண்டோஸ் 98. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பரீட்சை முடித்த பிள்ளைகளுக்குக் கீபோர்டு ஒன்றும் புதிதில்லை, கை தானாக ஓடும். மௌஸ்தான் பிடிபடாது. அம்பு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். அதனால் அம்மா முதல் வாரம் வேறு பாடமே எடுக்க மாட்டார். விண்டோஸுடனே வரும் சாலிட்டேர் என்ற, ஒருவர் தனியாக ஆடும் சீட்டு விளையாட்டைத் திறந்து வைத்து, "சீட்டைப் பிடி, விடாமல் இழு, அங்கே கொண்டுபோய் விடு" என்பார். வாரம் முடிவதற்குள் பிள்ளைகளுக்கு மௌஸ் வசப்பட்டுவிடும்.

பிற்பாடுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த விளையாட்டை 1988இல் மைக்ரோசாஃப்டில் இன்டர்னாக இருந்த வெஸ் செர்ரி என்பவர் எழுதினார். சீட்டுப் படங்களை வரைந்தவர் சூசன் கேர். 1990இல் விண்டோஸ் 3.0 வந்தபோது கூடவே கொடுத்தார்கள். மௌஸால் பிடித்து இழுத்து விடும் பழக்கம் ஜனங்களுக்கு வரட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இதை அம்மாவிடம் சொன்னேன். "அதற்குத்தானே வைத்திருந்தார்கள், எனக்கு அப்போதே தெரியும்" என்றார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அம்மா, "அந்தப் பழைய சீட்டை உன் லேப்டாப்பில் போட்டுக் கொடேன்" என்றார். என்னுடையது விண்டோஸ் 11. அதில் மைக்ரோசாஃப்டின் சாலிட்டேர் தொகுப்பு இருக்கிறது. கிளாண்டைக், ஸ்பைடர், ஃப்ரீசெல், பிரமிட், ட்ரைபீக்ஸ் என்று ஐந்து ஆட்டம். அம்மா ஆடியது கிளாண்டைக். ஏழு வரிசையில் 28 சீட்டு, சீட்டுக்கட்டில் மிச்சம் 24. சிவப்பு, கறுப்பு மாற்றி மாற்றி ராஜாவிலிருந்து கீழே இறக்க வேண்டும், ஒரே இனச் சீட்டாக ஏஸிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். ஆட்டம் அதேதான். ஆனால் காசு கட்டாமல் ஆடினால் நடுவில் விளம்பர வீடியோ வருகிறது. அம்மா பயந்துவிட்டார். "நான் எதையும் தொடவில்லைடா" என்று மௌஸை விட்டு எழுந்தே விட்டார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மௌஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அப்படி எழுந்ததைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்புறம் கூகுளில் சாலிட்டேர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அங்கேயே ஒரு ஆட்டம் வருகிறது. சுத்தமாக இருக்கிறது, ஆனால் நெட் வேண்டும். எங்கள் தெருவில் மழை தூறினாலே நெட் போய்விடும். இன்னொரு தளத்தில் பெரிய பச்சை டவுன்லோட் பட்டன் இருந்தது, அவசரத்தில் அழுத்திவிட்டேன். சீட்டு வரவில்லை. பிரவுசரின் முதல் பக்கமே மாறிப்போய், அதைச் சுத்தம் செய்ய அரை நாள் ஆனது. எந்த விளையாட்டாக இருந்தாலும் அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பணம் கட்டி ஆடும் ரம்மி லிங்க் ஏதாவது வந்தால் தொடவே தொடாதீர்கள். அந்த மாதிரி ஆட்டங்களைத் தடை செய்து மத்திய அரசு 2025இல் சட்டமே கொண்டு வந்துவிட்டது.

தேடியதில் எனக்கு மிகவும் பிடித்தது பைசால் எஃப்சி என்ற சீட்டாட்டத் தொகுப்பு. இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் தேவையில்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஐல்ரியாட் என்று இதே மாதிரி ஒரு தொகுப்பு இருக்கிறது, அதுவும் நல்லது. நான் பைசாலில் ஃப்ரீசெல் ஆட உட்கார்ந்து ஒரு ராத்திரியே போனது. பழைய விண்டோஸ் ஃப்ரீசெல்லில் 32,000 ஆட்டங்கள் இருந்தன. அதில் 11982ஆம் நம்பர் ஆட்டத்தை மட்டும் யாராலும் முடிக்க முடியாது. மற்றதெல்லாம் ஜெயிக்கக்கூடியவை.

அம்மாவும் பைசாலில் கிளாண்டைக் ஆடிப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது, ஆனால் அது இல்லையே" என்றார். எது அம்மா என்று கேட்டேன். "ஜெயித்தால் சீட்டெல்லாம் ஒகேனக்கல் மாதிரி துள்ளித் துள்ளிக் கொட்டுமே, அது."

அப்போதுதான் பரண் ஞாபகம் வந்தது. இன்ஸ்டிட்யூட்டில் கடைசியாக ஓடிய கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது, விண்டோஸ் எக்ஸ்பி. தூசி தட்டி, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் தேடினேன். சோல் என்ற புரோகிராம் (அதுதான் பழைய சாலிட்டேர்), அது ஓடுவதற்குத் தேவையான கார்ட்ஸ் டிஎல்எல் என்ற ஃபைல், இந்த இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு லேப்டாப்பில் திறந்தேன். திறந்துவிட்டது! விண்டோஸ் 3.1 காலத்துச் சோல் என்றால் 16 பிட் என்ற பழைய வகைப் புரோகிராம், இன்றைய 64 பிட் விண்டோஸில் ஓடாது. எக்ஸ்பியில் இருந்தது 32 பிட் என்பதால் தப்பித்தோம்.

அம்மா முதல் இரண்டு ஆட்டம் தோற்றார். மூன்றாவதில் கடைசி ராஜாவை ஏற்றியதும் சீட்டுகள் துள்ள ஆரம்பித்தன. நடுவில் கிளிக் செய்தால் நின்றுவிடும் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கடைசிச் சீட்டு விழும் வரைக்கும் பார்த்தார்.

அப்புறம் கேட்டார், "சீட்டுக்குப் பின்னால் ஒரு கோட்டை இருக்குமே, வௌவால் பறக்குமே, அது எங்கேடா?" எக்ஸ்பியில் பின்பக்கப் படங்களை மாற்றிவிட்டார்கள். 98இன் சிடி அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அதை வர்ச்சுவல் மெஷினில், அதாவது லேப்டாப்புக்குள்ளேயே தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் புரோகிராமில், ஏற்றிப் பார்க்கப் போகிறேன். கோட்டை வந்தால் அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.