எக்கோவுலயே கட்டி தெரிஞ்சாச்சு, இன்னும் எதுக்கு ஸ்கேன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒன்னு மனசை விட்டுப் போகவே இல்ல. அதனால மத்ததைத் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு: "அத்தைக்கு மூச்சு வாங்குதுன்னு ஈப்போவுல எக்கோ எடுத்தோம். இதயத்தோட வலது மேலறையில கட்டி இருக்கு, இதயத்தைச் சுத்தி நீரும் இருக்குன்னாங்க. இப்போ கோலாலம்பூர் போயி எம்ஆர்ஐ, சிடி, பெட் ஸ்கேன் எல்லாம் எடுக்கணுமாம். கட்டிதான் தெரிஞ்சு போச்சே, எதுக்கு இத்தனை?"

தம்பி, எக்கோங்கறது ஒலி அலையால இதயத்தைப் படம் பிடிக்கறது. அங்க ஏதோ ஒன்னு இருக்குங்கறதுதான் இப்போதைக்குத் தெரிஞ்சிருக்கு. அது உறைஞ்ச ரத்தமா இருந்தா ரத்தம் உறையாம இருக்க மருந்து. மிக்சோமாங்கற சாதுவான, அதாவது புற்று இல்லாத கட்டின்னா அறுவை செஞ்சு எடுத்தாலே பெரும்பாலும் தீர்ந்துடும். லிம்போமாங்கற நிணநீர்ப் புற்றுன்னா கீமோதான் முக்கியம். சார்கோமா, அதாவது தசை, ரத்தக்குழாய் மாதிரி திசுக்கள்ல வர்ற புற்றுன்னா வழியே வேற. ஆளு ஒன்னுதான், ஆனா நாலு வைத்தியத்துல எதுன்னு முடிவு பண்ணணும்.

இதயத்துலயே பிறக்கிற கட்டி ரொம்ப அபூர்வம். அதுலயும் ஏறக்குறைய நாலுல மூணு பங்கு சாதுதான். மிச்சத்துல பெரும்பாலானது சார்கோமா. ஆனா நுரையீரல், மார்பகம் மாதிரி வேற இடத்துலேர்ந்து இதயத்துக்குப் பரவி வர்றது இதைவிடப் பல மடங்கு அதிகம். அதனாலதான் சிடி எடுக்கும்போது நெஞ்சோட நிறுத்தாம வயிறு, இடுப்பு வரைக்கும் பார்க்கறாங்க.

எக்கோ படத்துல முதல்ல இடத்தைப் பாருங்க. இடது மேலறை, ரெண்டு மேலறைக்கும் நடுவுல இருக்கற சுவர், அதுலேர்ந்து மெல்லிசா ஒரு காம்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுது, அப்படின்னா மிக்சோமா பக்கம் சாயலாம். வலது மேலறை, அகலமான அடி, ஓரம் கரடுமுரடு, சுவரைத் துளைச்சு வெளிய வருது, சுத்தி நீர் இருக்கு, அப்படின்னா ஆஞ்சியோசார்கோமாவை, அதாவது ரத்தக்குழாய் செல்லுலேர்ந்து வர்ற சார்கோமாவை நினைச்சே ஆகணும். 5 சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலோ ஒன்னுக்கு மேல அறையைப் பிடிச்சிருந்தாலோ சந்தேகம் இன்னும் கூடும். இடது மேலறையிலயும் பின்சுவர்ல ஒட்டியிருந்தா சாதுன்னு விட்டுடக் கூடாது. அத்தைக்குச் சொன்ன இடமும் நீரும் சேர்ந்து வருது. அதான் டாக்டருங்க அவசரப்படறாங்க, அது சரிதான்.

இடத்துக்கு அடுத்த கேள்வி, அந்தக் கட்டிக்குள்ள ரத்தம் ஓடுதான்னு. இதுக்கு எம்ஆர்ஐதான். இசிஜி ஒட்டி, துடிப்போட சேர்த்துப் படம் பிடிப்பாங்க. முதல்ல அசையற படம். அப்புறம் கொழுப்போட வெளிச்சத்தை அடக்கி ஒரு படம். அதுல இருட்டாயிட்டா கொழுப்புக் கட்டி. பிறகு ரத்தம் ஓடற இடத்தை வெளிச்சமா காட்டற கடோலினியம்ங்கற மருந்தைக் கையில ஏத்தி, அது இதயத்துக்குள்ள நுழையற நொடியிலேர்ந்து பார்ப்பாங்க. உறைஞ்ச ரத்தத்துக்குள்ள ரத்தக்குழாய் இல்ல, இருட்டாவே நிக்கும். ஆஞ்சியோசார்கோமா வெளிச்சமாகும், ஆனா உள்ள ரத்தக்கசிவும் அழுகலும் இருக்கறதால திட்டுத்திட்டா. சுமார் 10 நிமிஷம் கழிச்சு மறுபடி எடுப்பாங்க. அப்போ இன்வர்ஷன் டைமை, அதாவது எம்ஆர்ஐ துடிப்புக்கும் படத்துக்கும் நடுவுல விடற இடைவெளியை, 600 மில்லிசெகண்டு அளவுக்கு நீட்டி வெச்சா உறைஞ்ச ரத்தம் கறுப்பா தனியா தெரியும். பழைய உறைவு ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் காட்டி ஏமாத்தறதும் உண்டு.

இதுல எங்க கெட்டுப் போகும்னா, ஒவ்வொரு படத்துக்கும் 10, 15 நொடி மூச்சைப் பிடிக்கணும். மூச்சு வாங்கறவங்களால முடியாது. துடிப்பு தாறுமாறா இருந்தாலும் படம் கலங்கிடும். படுத்தா மூச்சு முட்டும்னு உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி எடுக்க வழி இருக்கு. கிட்னி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கையோட இருக்கணும்.

சிடி நுரையீரலைப் பார்க்க. ஆஞ்சியோசார்கோமா அதிகமா பரவற இடம் அது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கற வலது கொரோனரி ரத்தக்குழாயைக் கட்டி சுத்திக்கிட்டிருக்கான்னும் காட்டும், சர்ஜனுக்கு அது தெரியாம கத்தியைத் தொட முடியாது. கையில ஏத்தற மருந்து, கால் பக்கமிருந்து வர்ற ரத்தத்தோட கலக்கறதுக்கு முன்னாடி படம் பிடிச்சா, வலது மேலறையில இல்லாத கட்டி இருக்கற மாதிரி தெரியும். கொஞ்சம் தாமதிச்சு இன்னொரு படம் எடுத்தா விஷயம் தெளிவாயிடும்.

என்னைக் கேட்டா, தம்பி கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்: "பெட் ஸ்கேனுக்கு முன்னாடி அத்தை என்ன சாப்பிடலாம்?" பலருக்குப் படம் வீணாகறது இங்கதான். அதுல ஏத்தறது கதிரியக்கச் சர்க்கரை. புற்றுக் கட்டி அதை இழுத்து படத்துல எரியும். ஆனா இதயத் தசையும் சர்க்கரையை இழுக்கும். இதயம் முழுக்க எரிஞ்சா கட்டி எங்கன்னு தெரியாது. அந்தத் தசை சர்க்கரையை விட்டுட்டு கொழுப்பை எரிக்கற மாதிரி மாத்தணும். அதனால முந்தின நாள் சோறு, தோசை, ரொட்டி சானாய், மீ கோரெங், பழம் எதுவும் வேண்டாம். தே தாரிக், மைலோ, சீனி போட்ட கோப்பி, இனிப்பு மிட்டாய்கூட வேண்டாம். முட்டை, கோழி, மாவு தடவாம எண்ணெயில பொரிச்ச மீன் சாப்பிடலாம். பிறகு 12 மணி நேரமோ அதுக்கு மேலயோ வெறும் தண்ணி மட்டும். "வயசானவங்க, பசி தாங்க மாட்டாங்க"ன்னு விடியக்காலையில ரெண்டு பிஸ்கட் கொடுத்தீங்கன்னா அவ்வளவு தூரம் போனது வீண். சர்க்கரை நோய் இருந்தா மெட்ஃபார்மின், இன்சுலின் பத்தி தேதி கொடுக்கும்போதே கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

இன்னொன்னு. இதயத்தைச் சுத்தியிருக்கற நீரை எடுத்துப் பார்த்து "புற்றுசெல் இல்ல"ன்னு வந்தா நிம்மதியாயிடாதீங்க. ஆஞ்சியோசார்கோமாவுல அப்படி வர்றது சகஜம். எந்த ஸ்கேனும் பெயரை உறுதி பண்ணாது. கட்டியிலேர்ந்து சின்னத் துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்த்தாதான் முடிவு. எங்கேர்ந்து பத்திரமா துண்டு எடுக்கலாம்னு காட்டறது இந்தப் படங்கள்தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஈப்போவுல ரிப்போர்ட் தாள் மட்டும் வாங்காதீங்க. எக்கோவோட அசையற படத்தை டிஸ்க்குல பதிஞ்சு தரச் சொல்லி வாங்கிட்டுப் போங்க. கட்டி எப்படி ஆடுது, எங்க ஒட்டியிருக்குன்னு தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.