குப்பை கொறஞ்சா யாருக்கு நஷ்டம்?

நேயர்களுக்கு வணக்கம். சர்குலர் எகானமி, அதாவது கழிவ தூக்கிப் போடாம திரும்பத் திரும்ப பொருளா பயன்படுத்தற பொருளாதாரம், அதுல அரசும் தனியாரும் சேந்து ஒரு வட்டார அளவுல என்ன பண்ண முடியும்னு பேசச் சொல்லி கூப்பிட்டாங்க. இதப்பத்தி பேசறவங்க எல்லாரும் மொதல்ல போர்டுல ஒரு வட்டம் போட்டு மூணு அம்புக்குறி போடுவாங்க, ரேடியோல அது முடியாது, நல்லதாப் போச்சு. நான் ஒரு பைப்புலேர்ந்து ஆரம்பிக்கறேன்.

டென்மார்க்ல கலுண்ட்போர்க்னு ஒரு சின்ன துறைமுக ஊரு. 1961ல அங்க ஒரு எண்ணெய் ரிஃபைனரிக்கு நெறைய தண்ணி தேவைப்பட்டுச்சு, நிலத்தடி தண்ணியையே உறிஞ்சினா கட்டுப்படியாகாது, அதனால டிஸ்ஸோங்கற ஏரிலேர்ந்து பைப் போட்டாங்க. பணம் கம்பெனியோடது, பைப் போடற பொறுப்பு முனிசிபாலிட்டியோடது. சர்குலர் எகானமிங்கற பேச்செல்லாம் அப்ப யாரு கண்டா, தண்ணி பத்தல, அவ்ளோதான் விஷயம். அப்பறம் 1972ல, ரிஃபைனரி சும்மா எரிச்சு விட்டுட்டிருந்த கேஸ பக்கத்துல வந்த ஜிப்சம் போர்டு கம்பெனி, அதாவது வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் அடிக்கற பலகை பண்ற கம்பெனி, வாங்கிக்கிச்சு, போர்ட காய வைக்கற அடுப்புக்கு. 1981ல பவர் ஸ்டேஷன்ல வீணாப் போற சூட்ட ஊருக்குள்ள வீடுகளுக்கு பைப் வழியா கொண்டு போனாங்க, வீட்டுக்கு வீடு ஓடிட்டிருந்த எண்ணெய் பாய்லருக்கு வேலை இல்லாம போச்சு.

இதுல ஜிப்சம் கதைய மட்டும் கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும். அந்த பவர் ஸ்டேஷன் ஓடினது நிலக்கரில. நிலக்கரி எரிச்சா அதுல இருக்கற கந்தகம் புகையோட வெளிய வரும், அது மழையில கரைஞ்சா அமில மழை. அத தடுக்க புகை போற வழியிலேயே சுண்ணாம்புக் கரைசல தெளிப்பாங்க. சுண்ணாம்பும் கந்தகமும் சேந்து கீழ வெள்ளையா ஈரப் பொடியா படியும் பாருங்க, அது சாட்சாத் ஜிப்சம். 1993லேர்ந்து அந்தப் பொடி பக்கத்து போர்டு கம்பெனிக்கு போக ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி அவங்க ஸ்பெயின்லேர்ந்து வெட்டி எடுத்த ஜிப்சத்த வரவழைச்சுட்டு இருந்தாங்க. ஒருத்தன் வீட்டு அழுக்கு அடுத்தவன் வீட்டு கூரை ஆச்சு.

ஏன் வட்டார அளவுன்னு கேட்டா பதில் ரொம்ப சிம்பிள். நீராவிய ரொம்ப தூரம் கொண்டு போனா வழியிலேயே ஆறிடும். சேறு, சாம்பல், கட்டட இடிபாடு எல்லாம் கனம் ஜாஸ்தி, விலை கம்மி, லாரி வாடகையே சரக்க முழுங்கிடும், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அது மட்டுமில்ல, அந்த ஊர்ல மேனேஜர்களுக்கு ஒருத்தர ஒருத்தர் நேர்ல தெரியும், கிளப்ல பாத்துக்குவாங்க, உங்க சிம்னில என்ன போகுதுன்னு கூச்சமில்லாம கேக்க முடிஞ்சுது. தலைநகர்ல உக்காந்து சாஃப்ட்வேர் போட்டு யாரு கழிவு யாருக்கு ஆகும்னு பொருத்தம் பாக்கலாம், பாக்கறாங்க, ஆனா தன் கழிவுல என்ன இருக்குன்னு எந்த கம்பெனியும் முன்பின் தெரியாதவங்ககிட்ட சொல்லாது.

சரி, இப்ப எனக்கு வயித்தெரிச்சலான பகுதிக்கு வரேன். அரசு தனியார் கூட்டுன்னாலே பல ஊர்ல குப்பைய எரிச்சு கரண்ட் எடுக்கற ஆலைதான் மொதல்ல வருது. அந்த மாதிரி அக்ரிமென்ட் ஒண்ண நான் வரி வரியா படிச்சிருக்கேன். உள்ள ஒரு ஷரத்து, வருஷத்துக்கு இத்தன டன் குப்பை முனிசிபாலிட்டி குடுக்கணும், குடுக்காட்டியும் அதுக்கான காசு கட்டணும்னு. இருபது இருபத்தஞ்சு வருஷத்துக்கு இது. அப்ப ஊரு ஜனங்க ஒழுங்கா பிரிச்சு குடுத்து மக்கறதெல்லாம் உரமாப் போய் குப்பை கொறஞ்சுதுன்னு வைங்க, முனிசிபாலிட்டிக்கு அபராதம்! கம்பெனியயும் ஒரேயடியா திட்ட முடியாது, இந்த உறுதி இல்லாம பேங்க் கடன் குடுக்காது. ஆனா அந்த டன் கணக்க வருஷா வருஷம் கொறைச்சுட்டே வர்ற மாதிரி எழுதலாமே, யார் தடுத்தா?

இதுக்கு நேர் எதிரா நார்வேல பானம் விக்கற பாட்டில் கேனுக்கு ஒரு வரி இருக்கு. காலி பாட்டில் எவ்ளோ திரும்பி வருதோ அதுக்கு ஏத்த மாதிரி வரி கொறையும், 95 சதவீதம் வந்துட்டா அந்த வரி ஜீரோ. அதனால பானக் கம்பெனிகளும் கடைக்காரங்களும் தாங்களே சேந்து இன்ஃபினிட்டம்னு ஒரு அமைப்ப நடத்தி, காலி பாட்டில போட்டா வாங்கறப்ப கட்டின டெபாசிட் காச திருப்பிக் குடுக்கற மெஷின கடை கடையா வச்சு எடுக்கறாங்க. அரசு குப்பை வண்டிய வாங்கி நிறுத்தல, லாபம் எந்தப் பக்கம் இருக்கணும்ங்கறத மட்டும் மாத்துச்சு.

இன்னொண்ணு, தனியார்னா உடனே கோட்டு போட்ட கம்பெனிதான் நமக்கு ஞாபகம் வருது. தெருவுல இத்தன வருஷமா பாட்டில் அட்டை பொறுக்கி ரீசைக்கிள் பண்ணிட்டு இருந்தவங்களும் தனியார்தானே? கம்பெனிக்கு டெண்டர் முடிஞ்ச மறுநாள் குப்பை கொட்டற யார்டுக்கு வேலி போட்டு அவங்கள உள்ள விடமாட்டாங்க. புனேல ஸ்வச்னு குப்பை எடுக்கறவங்களே நடத்தற கூட்டுறவு இருக்கு, மாநகராட்சியோட அக்ரிமென்ட் போட்டு வீடு வீடா போய் எடுக்கறாங்க, வீட்டுக்காரங்க கட்டற மாசக் கட்டணமும் பிரிச்சு விக்கற சாமானும்தான் அவங்க வருமானம். இதுவும் பார்ட்னர்ஷிப்தான்.

கலுண்ட்போர்க் இப்ப எப்படி இருக்குன்னு கேப்பீங்க. அந்த பவர் ஸ்டேஷன் நிலக்கரிய விட்டுட்டு மரத்துண்டு எரிக்க மாறிடுச்சு, நல்ல விஷயம். ஆனா நிலக்கரி போனா அந்தக் கந்தகம் போச்சு, கந்தகம் போனா புகையிலேர்ந்து கெடைக்கற ஜிப்சமும் போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் திருந்தினா நம்ம சரக்கு நின்னு போகும், இந்த மாதிரி கூட்டுல சேர்ற எல்லாருக்கும் இது நடக்கும். அதனால அக்ரிமென்ட் எழுதறவங்ககிட்ட நான் எப்பவும் கேக்கறது ஒண்ணுதான், கழிவு நிக்கப்போகுதுன்னா எத்தன வருஷம் முன்னாடி சொல்லணும்னு ஒரு வரி போட்டீங்களா? இதுவரைக்கும் முக்காவாசி பேரு போடல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சுன்னு கை காட்டறாங்க, வரேன், வணக்கம்.