நிழல் பங்கீடு

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, இந்த வெயிலிலும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே,

சித்தூர் வட்டத்தில் மேடை ஏறுகிற எவரும் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் இறங்குவதில்லை. நானும் அந்த வழக்கத்தை மீறப் போவதில்லை. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது என்பதும், அதன்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் நமக்கு வந்து சேர வேண்டும் என்பதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். வராத ஆண்டில் எந்த மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விரல் மடக்கிக் கணக்குச் சொல்லும் பெரியவர்களை நான் அறிவேன். இன்று நான் பேச வந்திருப்பது, நாம் ஒருபோதும் அப்படி விரல் மடக்கி எண்ணாத வேறொரு பொதுச்சொத்தைப் பற்றி. நிழலைப் பற்றி.

நான் நகரமைப்பு படித்தவன் அல்லன். இந்த எல்லைப் பகுதியில் நெடுங்காலம் மருத்துவம் பார்த்தவன். இந்தப் பேச்சுக்கு விதை போட்டவர், சந்தையில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்யும் ஒரு பெண்மணி. அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரைச் சீட்டின் அடியில் வழக்கம்போல் நான் 'தினமும் நடை' என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைத்தான் எல்லா மருத்துவர்களும் எழுதுகிறோம். அவர் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே, "நடக்கறது எங்கன்னு எழுதலையே, டாக்டரே" என்றார். மெயின் ரோட்டில் லாரி, வாய்க்கால் கரையில் நாய், பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளை தனியாகப் போக முடியாது, விடிவதற்குள் வேலைக்குப் போயாக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னிடம் பதில் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்காத மருந்தை எழுதிக் கொடுத்தால் அது யாருடைய தவறு?

நாம் வாழும் இடத்தின் தன்மையை முதலில் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே கதவு திறந்து வைத்திருக்கிறது. கோவைப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்று மார்கழியில் உதட்டை வெடிக்கச் செய்யும். பங்குனி, சித்திரையில் உடம்பின் ஈரத்தை நாம் அறியாமலே குடித்துவிடும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் வெப்பமானி 41.9 டிகிரியைத் தொட்டது. கடற்கரை ஊர்களில் வியர்வை வழிவதால் மனிதன் எச்சரிக்கை அடைகிறான். இங்கே வியர்வை தோலிலேயே காய்ந்துவிடுவதால், தலை சுற்றி விழும் வரை நீர் வற்றியது தெரிவதில்லை. வெயில் காலத்தில் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது. நல்ல உத்தரவு. ஆனால் அந்த மூன்று மணி நேரம் அவர்கள் எங்கே உட்காருவது என்பதை எந்த உத்தரவும் சொல்வதில்லை.

பேருந்து நிறுத்தம் ஒன்றை மதியம் ஒரு மணிக்குச் சற்று நின்று பாருங்கள். எவர்சில்வர் இருக்கை, தகரக் கூரை, கூரைக்கு மேல் புடவைக் கடை விளம்பரம். இருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள். கை வைத்தால் சுடும். ஐந்தாறு பேர் நிறுத்தத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில், அந்தக் கூரையின் நிழல் விழும் ஒன்றரை முழ அகலத்துக்குள் வரிசையாக நிற்பார்கள். மற்றவர்கள் சற்றுத் தள்ளியிருக்கும் புங்கமரத்தடியில் நிற்பார்கள். பேருந்து வந்ததும் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பக்கத்தில் நுங்கு விற்கும் பாட்டி காலையிலிருந்து மின்கம்பத்தின் நிழலோடு கூடையைச் சாண் சாணாக நகர்த்திக்கொண்டே இருப்பார். உச்சிவேளையில் அந்த நிழலும் கம்பத்தின் காலடிக்குள் போய்விடும். நிறுத்தத்தைக் கட்டியவர் பேருந்துக்காகக் கட்டினார், பேருந்துக்குக் காத்திருப்பவருக்காகக் கட்டவில்லை.

'பசுமைப் பரப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மனத்தில் வருவது மலம்புழா அணைத் தோட்டம். 1955இல் காமராசர் திறந்துவைத்த அணை. அப்போது இது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டம். அந்தத் தோட்டத்தின் அழகை நான் குறைத்துப் பேசவில்லை. என் பிள்ளைகளையும் அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் அது ஆண்டுக்கு ஒரு முறை வண்டி பிடித்து, சீட்டு வாங்கிப் போய்வரும் இடம். தெருமுனையில் தினமும் கிடைக்க வேண்டியது வேறு. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்கிறது. 300 மீட்டர் என்றால் ஐந்து நிமிட நடை. ஊன்றுகோல் பிடித்தவரும் போய்வரும் தொலைவு.

இது உடல்நலத்துக்கு உண்மையில் உதவுகிறதா, அல்லது கவிஞர்களின் ஆசையா என்று கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு மருத்துவர்களிடையே புகழ்பெற்றது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மொத்தம் 46 பேர்தான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து நான் பெரிய கோட்டை கட்ட மாட்டேன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 2008இல் 'லான்செட்' இதழில் மிட்செல், பாப்ஹாம் இருவரும் இங்கிலாந்து முழுவதையும் வைத்து எழுதிய ஆய்வு. எந்த நாட்டிலும் ஏழை சீக்கிரம் சாகிறான், பணக்காரன் பிந்திச் சாகிறான். பசுமை மிகுந்த பகுதிகளில் இந்த இடைவெளி குறைவாக இருப்பதை அவர்கள் கண்டார்கள். இதய, இரத்தநாள நோய்களில் அந்த வேறுபாடு தெரிந்தது. நுரையீரல் புற்றுநோயில் தெரியவில்லை. மரம் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று சொல்லாமல், இன்னதைத்தான் செய்கிறது என்று சொல்வதால் இந்த ஆய்வை நான் நம்புகிறேன்.

நிழல் தானாக ஏழை வீட்டுப் பக்கம் சாய்வதில்லை. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடன் கொடுப்பதற்காக நகரங்களுக்கு வரைபடம் போட்டார்கள். கறுப்பின மக்களும் ஏழைகளும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்து, இங்கே பணம் போடாதே என்றார்கள். 2020இல் 108 நகரங்களை ஆராய்ந்தபோது, சிவப்பு தீட்டிய பகுதிகள் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருந்தது தெரியவந்தது. ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன் போட்ட கோடு இன்றும் சுடுகிறது. நம்மூரில் சிவப்பு மை தேவைப்படவில்லை. அக்ரகாரத்துக்கு ஆற்றங்கரையும் அரசமரமும், சேரிக்கு மேட்டுநிலமும் பாறையும் என்று எந்த வரைபடமும் இல்லாமலே பிரித்துக்கொடுத்தார்கள். பின்னாளில் அரசு கட்டிக்கொடுத்த காலனிகளும் பெரும்பாலும் அந்தப் பிரிவினையின் மேல்தான் எழுந்தன. இரண்டு சென்ட், மூன்று சென்டில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, மேலே ஷீட் கூரை. பகலெல்லாம் வெயிலைச் சேர்த்து வைக்கும் தளமும் சுவரும் இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கின்றன. அந்த வீட்டில் படுக்கும் முதியவரின் இதயத்துக்கு இரவிலும் ஓய்வில்லை.

இதற்குப் பெரும் செலவு வேண்டும் என்று நினைக்காதீர்கள். பிலடெல்பியா நகரில் 541 காலிமனைகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். சிலவற்றில் குப்பையை அகற்றிப் புல் விதைத்து, நாலு மரம் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். மரம் நட்ட மனைகளுக்கு அருகில் வாழ்ந்தவர்களிடம் மனச்சோர்வு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஏழைத் தெருக்களில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் அப்படி உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. அந்த வேலியில் எவரும் உள்ளே வர வழி விட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வேலியிலிருந்து கதவுக்கு வருகிறேன். பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊரில், நான் குடியிருந்த தெருவுக்குப் பக்கத்தில் பூங்கா ஒன்று திறந்தார்கள். நடைபாதை, ஊஞ்சல், அழகுப்பனை, வெட்டிவிட்ட செடிவேலி எல்லாம் இருந்தன. காலை 5 முதல் 8 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று பலகை மாட்டினார்கள். காலையில் கேன்வாஸ் ஷூ போட்ட எங்களைப் போன்றவர்கள் நடந்தோம். பதினொரு மணிக்குச் சுமை இறக்கிவிட்டு வந்த தொழிலாளிகள் பூட்டிய கதவுக்கு வெளியே, மதில் ஓரத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். மரம் உள்ளே, மனிதன் வெளியே. கேட்டால், "சும்மா படுத்துத் தூங்குவாங்க சார்" என்றார் காவலாளி. தூங்கட்டுமே ஐயா! தூக்கத்தைவிட மலிவான மருத்துவம் எது? கழிப்பறை இல்லாததால் பெண்கள் அரை மணிக்கு மேல் இருக்க முடியாத பூங்கா, நிழல் தராத அழகுப்பனைகள் நட்ட பூங்கா, மதியம் பூட்டிய பூங்கா: இவை அரசு அறிக்கையில் மட்டுமே பசுமை. வேம்பும் புங்கமும் நாவலும் நட்டு, அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணைச் சிமெண்ட் பூசாமல் விட்டால் போதும். பழைய சுமைதாங்கிக் கல்லை மரத்தடியில் நாட்டியவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

பூங்கா நிலத்தை நல்ல காரியத்துக்கு எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அந்தக் குடியிருப்பு மக்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1991இல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. திறந்தவெளியின் இடத்தை மருத்துவமனையும் பிடிக்க முடியாது என்பது அதன் சாரம். மருத்துவனாகிய நான் மகிழ்ச்சியோடு எடுத்துச்சொல்லும் தீர்ப்பு இது.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பசுமை வரும்போது ஏழை வெளியேறுவதும் நடக்கிறது. நியூயார்க்கில் கைவிடப்பட்ட ரயில்பாதையை 2009இல் பூங்காவாகத் திறந்தபின் சுற்றுப்புற மனைவிலை ஏறியது. சென்னையில் கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் தொலைவில் பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றங்கரை துப்புரவாகிறது, அங்கே வாழ்ந்தவரின் வேலையும் பள்ளியும் அறுந்துபோகின்றன. ஆகவே நம்மூரில் குளக்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று யாராவது வந்தால், மகிழ்வதற்கு முன் கரையில் இப்போது குடியிருப்பவர் எங்கே இருப்பார் என்று கேளுங்கள்.

நெல்வயலும் நமக்குத் திறந்தவெளிதான்; அதைப் பற்றி நான் நீட்டவில்லை. 2008ஆம் ஆண்டு கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய விவசாயிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஊரின் வளர்ச்சித் திட்டம், சாலைத் திட்டம் என்று வரும் காகிதங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் நம்மில் பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. ஆனால் 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்றும், சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களோடும் அப்படியே எழுதிக்கொள்ளலாம் என்றும், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த உரிமையைப் பள்ளிக்கூடத்துக்கும் பட்டாவுக்கும் பயன்படுத்தியிருக்கிறோம், நிழலுக்குப் பயன்படுத்தியதில்லை. இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் நாலைந்து பேர் சித்திரையில் ஒரு மதியம், ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை, ஊரைச் சுற்றி நடந்து, யார் எங்கே எந்த நிழலில் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துத் தந்தார்கள். அந்தக் குறிப்பை வைத்துத் தமிழில் ஒரு மனு எழுதியிருக்கிறேன். மூன்று பேருந்து நிறுத்தங்களில் மரமும் திண்ணையும் கேட்டிருக்கிறேன். வாய்க்கால் கரையில் பெண்கள் அச்சமின்றி நடக்க விளக்கும், வழியில் ஒரு கழிப்பறையும் கேட்டிருக்கிறேன். மனு பின்மேசையில் இருக்கிறது. இரண்டு நிறுத்தங்களின் பெயரை எழுதிவிட்டேன். மூன்றாவதற்கு இடம் விட்டிருக்கிறேன்; சந்தை வாசலா, பள்ளி வாசலா என்பதில் நோட்டு எழுதிய பிள்ளைகளுக்குள்ளேயே தகராறு. தேநீர் குடிக்கும்போது நீங்கள் பேசி முடிவு செய்து, அந்த இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள்.

வணக்கம்.