கலைச்சொல் ஆட்டமும் கல்யாணப் பத்திரிகையும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு டீ கூடப் போடாமல் கேமராவை ஆன் செய்துவிட்டேன், அவ்வளவு எரிச்சல். வகுப்பில் ஆடும் கலைச்சொல் ஆட்டத்துக்கு அட்டை செய்யப் போனால், ஒரு ஏ4 தாளை லேமினேட் செய்ய 30 ரூபாயாம்! போன வருடம் இதே கடையில் 20. பள்ளிக்கூடத்துக்குத்தான், மொத்தமாகத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "டீச்சர், கரண்ட் பில்லை நீங்களா கட்டுறீங்க?" என்கிறார். தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் 'இயக்கம்' பாடம் ஓடுகிறது. தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம், முடுக்கம் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஐந்து தடவை எழுதி வா என்றால் குண்டு குண்டாக எழுதி வருவார்கள். வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஃபேனைப் பார்ப்பார்கள். கட்டத்துக்குள் சொல் தேடும் விளையாட்டைப் பற்றி என் கருத்து உங்களுக்கே தெரியும், பழைய வீடியோவில் கத்தித் தீர்த்திருக்கிறேன். முடுக்கத்தைத் தேடி வட்டம் போட, முடுக்கம் என்றால் என்னவென்றே தெரிய வேண்டாம். கண் தெரிந்தால் போதும்.

அதனால்தான் இந்த ஆட்டம். அட்டையின் மேலே ஒரு கலைச்சொல், கீழே சொல்லக் கூடாத நான்கு சொற்கள். முடுக்கத்துக்கு நான் போட்ட தடை: வேகம், மாற்றம், வண்டி, ஆக்சிலேட்டர். இவற்றைத் தொடாமல் விளக்கித் தன் அணியைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். முதலில் வந்த பையன் கையை முறுக்கிக் காட்டினான். சைகை கிடையாது என்று விரட்டிவிட்டார்கள். அடுத்து வந்தவள் வாயே திறக்காத பெண். "ராட்டினம் ஒரே சீராச் சுத்தினாலும் இது இருக்கும்" என்றாள். வகுப்பே முழித்தது. "திசை மாறிக்கிட்டே இருக்குல்ல?" என்று எடுத்தும் கொடுத்தாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. வட்டப் பாதையில் வேகம் அப்படியே இருந்தாலும் திசை மாறுவதால் திசைவேகம், அதாவது திசையும் சேர்ந்த வேகம், மாறும். திசைவேகம் மாறினாலே முடுக்கம் உண்டு. பலகையில் இதை நான் விளக்கியபோது யாரும் அசையவில்லை.

அட, மணியை விட்டுவிட்டேனே. விளக்குபவரின் பின்னால் எதிரணி ஆள் ஒருவர் அட்டையைப் பார்த்தபடி நிற்பார், கையில் சைக்கிள் மணி. தடைச்சொல் வந்தால் டிரிங். அவள் 'மாறி' என்றதும் அடித்துவிட்டான். மாறியும் மாற்றமும் ஒன்றுதானே என்று பெரிய பஞ்சாயத்து. நான்தான் நடுவர், புள்ளி கொடுத்துவிட்டேன். கமெண்டில் சண்டைக்கு வாருங்கள், பார்த்துக்கொள்வோம்.

லேமினேஷன் என்ன ஆச்சு என்கிறீர்களா? பீரோ மேல் கிடந்த கல்யாணப் பத்திரிகைகள்! நல்ல தடிமன், பின்பக்கம் வெள்ளை. மஞ்சள் தடவிய மூலையை மட்டும் வெட்டிவிட்டேன். இதிலும் ஒரு வில்லங்கம். தங்க மயில் போட்டதுதான் முடுக்கம் என்று முன்பக்கத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள், திருட்டுப் பசங்க. தினசரி காலண்டர் தாளை ஒட்டி மறைத்தேன். செலவு பசைக்கு 10 ரூபாய். கடைக்காரரே, கேட்கிறதா?

ஆனால் எடுத்த எடுப்பில் ஆட்டத்தில் இறக்காதீர்கள், சொல் கொஞ்சமாவது பழகியிருக்க வேண்டும். நான் முதலில் ஃப்ரேயர் கட்டம் போடுவேன். 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாரதி ஃப்ரேயரும் கூட இருந்தவர்களும் உருவாக்கியது. தாளை நான்காகப் பிரித்து நடுவில் சொல். சுற்றிலும் விளக்கம், பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு ஆகாதது. எனக்கு உயிர் அந்தக் கடைசிக் கட்டம்தான். இடப்பெயர்ச்சி என்றால் கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நடுவே உள்ள நேர்க்கோட்டுத் தூரம், திசையோடு. அதற்கு அந்தக் கட்டத்தில் ஒருவன் எழுதியது: 'காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு, சாயங்காலம் திரும்ப வீட்டுக்கு. நடந்தது 4 கிலோமீட்டர், இடப்பெயர்ச்சி சுழி.' அவ்வளவுதான், அந்தச் சொல்லை அவன் இனி விடமாட்டான்.

அப்புறம் இன்னொன்று. இசபெல் பெக் என்ற அமெரிக்கக் கல்வியாளரும் அவருடைய குழுவினரும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: அன்றாடச் சொல், எல்லாப் பாடத்திலும் வரும் சொல், ஒரு பாடத்துக்கே உரிய சொல். நாம் மூன்றாவதோடு மல்லுக்கட்டுகிறோம், பிள்ளைகள் பரீட்சையில் விழுவது இரண்டாவதில். வரையறு, விவரி, வேறுபடுத்து, காரணம் கூறு, எல்லாவற்றுக்கும் ஒரே விடையை எழுதிவைக்கிறார்கள். கூற்று-காரணம் கேள்வியில் 'கூற்று சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை' என்று ஒரு விடை வந்தால் சீட்டுக் குலுக்கல்தான். கூற்று, காரணம் இரண்டையும் தனித்தனி அட்டையில் எழுதி, 'ஏனென்றால்' போட்டு இணைத்து வாசிக்கச் சொல்கிறேன். பொருந்தாதது வாசிக்கும்போதே இடறும். சிரித்துவிடுவார்கள்.

நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: பீரியடின் கடைசிப் பத்து நிமிடம் போதும், அதுவும் தினமும் வேண்டாம்.

அடுத்து அணு அமைப்புக்கு அட்டை எழுதுகிறேன். ஐசோடோப்புக்கு (ஒரே தனிமத்தின் அணுக்கள், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறு) நியூட்ரான், நிறை எண் இரண்டையும் தடை செய்தாச்சு. இன்னும் இரண்டு சொல் வேண்டும், கீழே எழுதுங்கள். 'அணு'வைத் தடை செய்யச் சொல்லாதீர்கள், பாவம் பிள்ளைகள்.